பிஸ்கால் ஐயா அடித்த ஆணி

பண்டாரவளையில் இந்த மாதம் மழை விட்டபாடில்லை. பென்சன் எடுத்த பிறகு எனக்குக் குளிர் கொஞ்சம் கூடுதலாகவே குளிர்கிறது. போன கிழமை அலுமாரியின் அடித்தட்டிலிருந்து கம்பளிச் சட்டையை இழுத்தேன். பூச்சி உருண்டை நெடி மூக்கில் ஏறவும் கைத்தொலைபேசி சிணுங்கவும் சரியாக இருந்தது. மடுல்சீமையிலிருந்து செல்வமணி ஒரு படம் அனுப்பியிருந்தாள். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தின் கதவு, அதில் ஒட்டியிருந்த ஒரு தாள். கூடவே அவள் குரல். “அக்கா, மலைக்குப் போயிட்டு வந்து பாத்தா கதவுல இது ஒட்டிக் கெடக்கு. எல்லாம் சிங்களத்துல இருக்கு. என்னான்னு பாத்துச் சொல்லுங்கக்கா.”

பார்த்தேன். வாசித்தேன். அதைத் தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. நேரில் வருகிறேன் என்று மட்டும் பதில் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். பூச்சி உருண்டை வாசமும் லயத்து வாசலில் ஒரு தாளும் ஒன்றாக வந்தால் எனக்கு ஒரே ஒரு ஆளின் ஞாபகம்தான் வரும். உங்களுக்கு அவரைத் தெரிந்திருக்க நியாயமில்லை. பதுளை நீதிமன்றத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பிஸ்காலாக இருந்தவர் அவர்.

பிஸ்கால் என்றால் நீதிமன்றத்தின் கட்டளைகளை நிறைவேற்றும் அதிகாரி. அழைப்பாணை கொடுப்பது, வீட்டைக் காலி செய்விப்பது, ஜூரிமாரின் பெயர்ப்பட்டியலை வைத்திருப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வருஷம் முழுக்க இந்தக் கடதாசி வேலைதான். ஆனால் ஊருக்கு அவரைத் தெரிந்தது வேறொன்றால். மேல் நீதிமன்ற அமர்வு தொடங்கும் நாளில், நீதிபதிக்கு முன்னால் அவர் நடந்து வருவார். கறுப்புக் கோட்டு, கையில் ஆளுயரக் கருங்காலிக் கோல், அதன் உச்சியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு வெள்ளிக் குமிழ். பொலிஸ்காரர் பியூகிள் ஊத, கார்க் கதவைத் திறந்து நீதிபதியை இறக்கி, பன்னிரண்டு படி ஏறி, மண்டபத்தின் நடுவே நடந்து, ஆசனம் வரை கொண்டுவந்து விடுவார். நடக்கும்போது நிற்கக் கூடாது, பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் சடங்கு. பிறகு நாள் முழுக்க நீதிபதிக்குக் கீழே ஒரு நாற்காலியில் கோலைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்.

அந்தக் கோட்டு அவருக்காகத் தைத்ததில்லை. அவருக்கு முந்தியவர்களில் யாரோ ஒரு பருத்த மனிதருடையது. எங்கள் பிஸ்கால் ஐயாவோ காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. கழுத்துப் பட்டிக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகும். வருஷம் முழுக்கப் பூச்சி உருண்டைகளோடு இரும்பு அலுமாரியில் கிடந்துவிட்டு வரும் கோட்டு என்பதால், அமர்வு தொடங்கும் நாளில் மண்டபமே அந்த வாசமாக இருக்கும். நீதிபதி ஆசனத்தில் அமர்ந்ததும் முதலில் ஒரு தும்மல் போடுவார். எழுதுவினைஞர்களான நாங்கள் அதற்காகவே காத்திருப்போம்.

கொஸ்லந்தப் பக்கத்து லயமொன்றில் பிறந்து, பண்டாரவளையில் படித்து, அந்த அலுவலகத்துக்குள் நுழைந்தவள் நான். லயத்திலிருந்து அங்கே வேலைக்கு வந்த முதல் ஆள் என்று எனக்கு அப்போது தலைகொள்ளாத பெருமை. இரவல் சேலை கட்டிக்கொண்டு வந்தாலும் நடையில் குறை வைக்கமாட்டேன். பிஸ்கால் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கரியரில் தினமும் புட்டுத்தான். எரிச்சல் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாரே தவிரக் குரல் உயர்த்தமாட்டார். அமர்வுக்கு முந்திய சனிக்கிழமை, அலுவலகம் காலியான பிறகு, நடைகூடத்தில் கோலைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகுவார். இத்தனை வருஷம் நடந்தவருக்கு என்ன பழக்கம் வேண்டிக் கிடக்கிறது என்று எனக்குச் சிரிப்பு. ஒருநாள் கேட்டும்விட்டேன்.

“சும்மா நடக்கிற உத்தியோகம்தானே பிள்ளை,” என்றார். “அதையும் பிழையாச் செய்தால் பிறகு என்னத்துக்கு நான்?”

இப்போது ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் நடந்த கைகலப்பொன்றில் ஒருவர் செத்துப்போக, ஒரு இளைஞனைப் பிடித்து விளக்கமறியலில் வைத்திருந்தார்கள். தான் பேசுவதை நேராகப் புரிந்துகொள்கிற தமிழ் ஜூரிதான் வேண்டும் என்று அவன் கேட்டிருந்தான். அது அவன் உரிமை. ஆனால் ஏழு பேர் வேண்டுமே. எங்கள் தமிழ்ப் பட்டியலில் இருந்தவர்கள் பண்டாரவளைக் கடைக்காரர்களும் ஆசிரியர்களும்தான். அதில் பாதிப் பேர் ஊரைவிட்டே போயிருந்தார்கள். ஆள் சேரவில்லை என்று வழக்கு இரண்டு தடவை தள்ளிப்போனது. ஒவ்வொரு தவணைக்கும் அவனுடைய அம்மா ஒரு சோற்றுப் பார்சலோடு வந்து முற்றத்து மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். காவலர்கள் அதைக் கொடுக்க விடமாட்டார்கள். பின்னேரம் அதே பார்சலோடு பஸ் ஏறுவார்.

இரண்டாம் தடவை அவர் அப்படிப் போனதை ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்ற பிஸ்கால் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிள்ளை, தோட்டங்களிலை தமிழ் கதைக்கிற ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?”

பட்டியலில் பெயர் வரப் பிரஜாவுரிமை வேண்டும். இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த எங்கள் சனத்துக்கு அது கிடைத்தே கொஞ்சக் காலம்தான். அதுவரை யாருடைய பெயரும் எந்தப் பட்டியலிலும் வர வழியில்லை. நான் வாக்காளர் இடாப்புகளை எடுத்துவைத்து ஒரு மாதம் தேடினேன். எழுதப் படிக்கத் தெரிந்து, சட்டம் கேட்ட வருமானமும் உள்ளவராக ஒருவர் அகப்பட்டார். மடுல்சீமையில் பெரிய கங்காணியாக இருந்த முத்தையா. அடுத்த அமர்வுக்கு ஆறு பேர் உறுதி. அவர் வந்தால் ஏழு. வராவிட்டால் அந்தப் பையன் மறுபடி உள்ளே.

வழக்கமாகத் தோட்டத்து ஆட்களுக்கான அழைப்பாணை தோட்டத்துக் கந்தோருக்கு, துரையின் மேசைக்குப் போகும். அங்கேயிருந்து கீழே இறங்கினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பிஸ்கால் ஐயா அதற்கு ஒப்பவில்லை.

“ஜூரரைக் கூப்பிடுற கடதாசியைத் துரையின்ரை கையிலை குடுத்துவிடுறதோ? நானே போறன். அந்தாள் லயத்திலை இருந்து வாற முதல் ஜூரர். அதுக்குரிய மரியாதையோடை போகவேணும். நீரும் வாரும்.”

மரியாதை என்றால் என்ன? வெள்ளிக்கிழமை காலையில் அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு, கோலோடு ஜீப்பில் ஏறினார். சிவப்பு முத்திரை வைத்த அழைப்பாணை என் மடியில். எனக்கோ கால் தரையில் பாவவில்லை. பதுளையில் நீதிபதிக்கு முன்னால் மட்டும் நடக்கும் மனிதர் எங்கள் ஆள் ஒருவரைக் கூப்பிட அதே கோட்டோடு போகிறார் என்ற எண்ணமே எனக்குப் போதுமாக இருந்தது. ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நான்தானே லயத்தில் பிறந்தவள்? கோட்டுப் போட்டவர் முத்திரைத் தாளோடு லயத்துக்கு வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பெருமையில் மறந்துபோனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

பாலத்துக்கு அப்பால் ஜீப் போகாது. குறுக்குப் பாதையில் ஏறினோம். எனக்குச் செருப்பு வழுக்க, ஐயாவுக்குக் கோல் உதவியது. மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துவிட்டு ஏதோ கூவினார்கள். அந்தக் கூவல் அடுத்த மலைக்குப் போனது. நான் அதை வரவேற்பு என்று நினைத்துக் கையசைத்தேன்.

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கங்காணியின் வீடு வெளியில் கிடந்தது. துணி மூட்டைகள், கயிற்றில் கட்டிய சட்டி பானைகள், சுருட்டிய பாய். முருகன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிச் சேலையில் சுற்றி மூட்டைமேல் வைத்திருந்தார்கள். நாலாம் வகுப்புப் படிக்கும் வயதில் ஒரு சிறுமி, காலைக் கட்டிய சேவலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள்தான் செல்வமணி. பக்கத்து வீட்டுப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள்.

“ஏன் பிள்ளை, இந்தச் சாமான் எல்லாம் வெளியிலை கிடக்கு?” என்று ஐயா மெதுவாகக் கேட்டார்.

“நம்மளப் பாத்துத்தாங்க ஐயா,” என்றேன். பதற்றத்தில் என் வாயில் லயத்துப் பேச்சே வந்தது.

முத்தையா கங்காணி தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். ஐம்பது வயதிருக்கும். குரல் நடுங்கவில்லை. “சேதி வந்துருச்சு சாமி. எல்லாத்தையும் கட்டிட்டோம். லொறி எங்க நிக்கிதுன்னு மட்டும் சொல்லிருங்க, எறங்கிர்றோம்.”

அவர் மனைவி மாரியாயிக்குத்தான் பொறுக்கவில்லை. பிளாஸ்டிக் பையில் பொதிந்த ஒரு சான்றிதழை ஐயாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். “பெரஜாவுரிமை குடுத்தாச்சுன்னு சொன்னீங்களேய்யா! இந்தா இருக்கே தாளு! எங்க அக்காவ இப்பிடித்தான் கோச்சியில ஏத்துனீங்க. இன்னும் எத்தன பேரத்தான் அனுப்புவீங்க?”

பிரஜாவுரிமை இல்லையென்று இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றிப்போன அந்தக் கோச்சியை எங்கள் சனம் அழுகைக் கோச்சி என்றுதான் சொல்லும். பதுளை ஸ்டேஷனில் ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயுமாகக் கைகளைப் பிடித்துக்கொண்டு கதறியதை நானும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

பிஸ்கால் ஐயா கோலை என்னிடம் தந்தார். கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரிய மடித்து, அதையும் என் கையில் போட்டார். அந்தக் குளிரில் மெல்லிய வெள்ளைச் சட்டையோடு நின்றார். அப்போதுதான் அவர் எவ்வளவு ஒல்லி என்று தெரிந்தது.

“கங்காணியார், நான் உங்களை அனுப்ப வரேல்லை. கூப்பிட வந்தனான்.”

“எங்க கூப்பிடுறீங்க?”

“பதுளைக் கோர்ட்டுக்கு. ஒரு வழக்கை விளங்கித் தீர்ப்புச் சொல்ல ஏழு பேர் வேணும். நீங்கள் ஏழாவது ஆள்.”

“நான் ஒரு தப்பும் செய்யலீங்களே.”

“நீங்கள் ஒண்டும் செய்யேல்லை. ஒரு பொடியன் செய்தவனோ இல்லையோ எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்.”

கங்காணி என்னைப் பார்த்தார். நான் கொஸ்லந்தப் பக்கம் என்றும், அப்பா பெயர் இன்னதென்றும், வந்த தாளில் என்ன இருக்கிறது என்றும் விளக்கினேன். அழைப்பாணையை வாங்கி வரிவரியாக வாசித்தார். ஆனால் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அது மட்டும் வேணாம் சாமி. எங்கண்ணனும் நல்ல தாளுன்னு சொல்லித்தான் கையெழுத்துப் போட்டாரு. இப்ப இந்தியாவுல, மண்டபம்ங்கிற ஊர்ல ஏதோ முகாம்ல இருக்காரு.”

கையெழுத்து இல்லாமல் திரும்பினால் அழைப்பாணை கொடுத்ததாக ஆகாது என்றே நினைத்திருந்தேன். ஐயா அசரவில்லை. “வேண்டாம். நேரிலை குடுத்தனான் எண்டு நானே சத்தியக்கடதாசி முடிக்கிறன். வாறதும் வராததும் உங்கடை விருப்பம். வராட்டி அந்தப் பொடியன்ரை வழக்குத் தள்ளிப்போகும். அதை மறைச்சு உங்களைக் கூப்பிடக் கூடாது, அதாலை சொல்லுறன்.”

சொல்லிவிட்டுப் போய்விடுவார் என்று பார்த்தேன். அவர் குனிந்து, சேலையில் சுற்றிய முருகன் படத்தைப் பார்த்தார். “அம்மா, இதை நான் உள்ளை வைக்கலாமோ?” என்று மாரியாயியிடம் கேட்டார். அவர் தலையாட்டினார். அவசரத்தில் பிடுங்கியதில் சுவரிலிருந்த ஆணியும் கூடவே வந்து, துளை பெரிதாகியிருந்தது. ஐயா ஒரு விறகுச் சிராயைத் துளையில் செருகி, ஆணியை வைத்து, அடிக்க ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிப் பார்த்தார். சுத்தியல் எந்த மூட்டையில் போனதோ. என் கையிலிருந்த கோலை வாங்கினார். வெள்ளிக் குமிழால் ஆணியை ஓங்கி நாலு அடி. நீதிபதிகள் மட்டும் கிட்டத்தில் பார்த்த குமிழ் நசுங்கிப் போனது. செல்வமணி சிரித்துவிட்டாள். அவள் கையிலிருந்த சேவலும் அப்போதுதான் விடுதலையானது. படத்தை மாட்டிவிட்டுப் பிளேன் டீ குடித்துவிட்டு இறங்கினோம்.

ஜீப்பில் ஏறியதும் ஐயா கோட்டை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “உமக்குத் தெரிஞ்சிருக்கும். ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டார். கோபமில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

திங்கட்கிழமை ஆறு ஜூரிமாரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். மரத்தடியில் அந்தத் தாயும் பார்சலோடு வந்து உட்கார்ந்துவிட்டார். முத்தையா கங்காணியைக் காணோம். நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்தேன். நீதிபதியின் கார் வந்தது. பியூகிள் ஒலித்தது. ஐயா கார்க் கதவைத் திறந்து, நசுங்கிய குமிழை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஒரு படி, இரண்டு படி. ஏழாவது படியில் கால் வைத்தபோது வெளிவாசலில் சத்தம்.

வேட்டி, தலைப்பாகை, அதற்குமேல் பழைய கங்காணிமார் போடும் கறுப்புக் கோட்டு. முத்தையாதான். முதல் பஸ் பழுதாகிப் பாதி வழி நடந்தே வந்திருக்கிறார், முழங்கால் வரை சேறு. கான்ஸ்டபிள் அவரைச் சாட்சிக்காரர் என்று நினைத்துப் பக்கத்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். கங்காணி ஒரு வார்த்தை பேசாமல் அழைப்பாணையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார்.

நிற்கக் கூடாத பிஸ்கால் ஐயா நின்றார். பின்னால் வந்த நீதிபதி முட்டிக்கொள்ளப் பார்த்தார். திரும்பக் கூடாதவர் திரும்பினார். பேசக் கூடாதவர், முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும், வாசல் வரைக்கும் கேட்கும்படி சொன்னார். “ஜூரர் ஒருத்தர் வாறார். வழி விடுங்கோ.”

கான்ஸ்டபிள் கையை எடுத்தார். மடுல்சீமைச் சேற்றோடு கங்காணி அத்தனை பேருக்கும் நடுவால் ஏறி வந்தார். அவர் உள்ளே போகும் வரை நீதிபதி படியிலேயே காத்து நின்றார். பிறகுதான் ஐயா மறுபடி திரும்பி எட்டாவது படியில் கால் வைத்தார். எனக்குக் கண் மறைத்ததில் மீதி ஊர்வலத்தை நான் பார்க்கவில்லை. தும்மலை மட்டும் கேட்டேன்.

மதிய இடைவேளையில் நீதிபதி குமிழைக் காட்டி என்ன நடந்தது என்று கேட்டாராம். “ஆணி அடிச்சனான், ஐயா,” என்றாராம் இவர். அதற்குமேல் நீதிபதியும் கேட்கவில்லை.

வழக்கு மூன்று நாள் நடந்தது. ஏழு பேரும் ஒரே முடிவு: குற்றவாளி இல்லை. அந்தப் பையன் வெளியே வந்து அந்தப் படிகளிலேயே உட்கார்ந்து அம்மாவின் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டான். யாரும் தடுக்கவில்லை. கங்காணி எங்கள் அறைக்கு வந்தார். “அந்தத் தாளக் குடுங்கம்மா, இப்ப கையெழுத்துப் போடுறேன்,” என்றார். அது சத்தியக்கடதாசியோடு முடிந்துவிட்டது, இனித் தேவையில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். “குடும் பிள்ளை,” என்றார் ஐயா. கங்காணி பேனாவை அழுத்திப் பிடித்து, மு. முத்தையா என்று நிதானமாக எழுதினார். எழுதி முடிக்கும் வரை பிஸ்கால் ஐயா எழுந்து நின்றார்.

நான் பார்த்த பெரிய மனிதர்களில் அவருக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். ஓய்வு பெற்று ஊருக்குப் போனார், அங்கேயே காலமானார். அவருக்குப் பிறகு யாரும் நீதிபதிக்கு முன்னால் நடக்கவில்லை. கோட்டு பூச்சிக்கே போனது. ஜூரி வேண்டும் என்று கேட்பவர்களும் அருகிவிட்டார்கள். பென்சன் அலுவலாகப் போனபோது கோலைப் பற்றி விசாரித்தேன். “எந்தக் கோல் அன்ட்டி?” என்றான் அங்கே இருந்த பையன்.

நேற்று மடுல்சீமைக்குப் போனேன். கங்காணியும் மாரியாயியும் இப்போது உயிரோடு இல்லை, அந்த வீட்டில் செல்வமணிதான் இருக்கிறாள். கதவில் ஒட்டியிருந்ததை அவள் வீட்டு வாசலில் நின்று தமிழில் வாசித்துச் சொன்னேன். லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, மண் சரியும், இந்த மாத முடிவுக்குள் வெளியேற வேண்டும். எங்கே போவது என்று அதில் இல்லை. கையெழுத்திட்டவர் பெயரும் வாசிக்கும்படி இல்லை.

“யாரு வந்து ஒட்டுனது?”

“தெரியலக்கா. ஆளு யாரயும் கூப்புடவேயில்ல. ஒட்டிட்டுப் போயிட்டாங்க.”

தாளில் என்ன இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே அவள் மூட்டைகளைக் கட்டி முடித்திருந்தாள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. ஒரு கோட்டைக் கழற்றி மடித்துவிட்டு, நேரில் நின்று இரண்டு வார்த்தை சொல்ல இந்த நாட்டில் இப்போது ஒருவருமில்லை.

முருகன் படம் சேலையில் சுற்றி மூட்டைமேல் இருந்தது. செல்வமணி ஆணியையும் எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். குறட்டால் இழுத்தாள், ஆட்டிப் பார்த்தாள். நானும் பிடித்து இழுத்தேன்.

“வராதுக்கா,” என்றாள். “பிஸ்கால் ஐயா அடிச்சது.”

அதை விட்டுவிட்டு, இப்போதைக்கு என் வீட்டுக்கென்று ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.